பதினேழாவது வரியில் நான் போட்ட டிக்

கண்ணு, சித்தப்பாவிடம் நீ கேட்டிருக்கும் மன்னிப்பை நேற்று மத்தியானம் உன் அம்மா எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நம் சொந்தக்காரர்கள் இருக்கும் குரூப்பில், எல்லோரும் பார்க்கும்படி எழுதியிருந்தாய். "சித்தப்பா, போன பொங்கலுக்கு உங்களைத் தண்ணீர் குரூப்பிலிருந்து எடுத்தது என் கைத்தவறு. அதனால் உங்கள் பயிர் போனது. என்னை மன்னித்துக் கல்யாணத்துக்கு வரவேண்டும்." அதற்குக் கீழே அத்தைமார்களும் மாமன்மார்களும் வரிசையாகக் கும்பிடுகிற கைகளைப் போட்டிருக்கிறார்களாம். ஒருவர் உன்னைத் தங்கமான பிள்ளை என்று எழுதியிருக்கிறாராம். உன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளிவைத்தேன். காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவைக் குரூப்பிலிருந்து எடுத்தது நீ இல்லை. நான். உன் போனில், என் விரலால், தெரிந்தேதான் எடுத்தேன்.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். பங்காளிகள் கை வைக்காமல் முகூர்த்தக்கால் நடுகிற வழக்கம் நமக்கு இல்லை. எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் வராவிட்டால் அந்தக் கால் நடும்போது உனக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கும், வந்தவர்கள் எல்லோரும் அதற்குக் காரணம் நீ என்று நினைப்பார்கள். ஏழு மாதமாக ஊர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைக்கட்டும் என்று விட்டவனும் நான்தான்.

போன் வந்துதான் மனிதர்கள் கெட்டுப்போனார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்து புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்தக் குரூப்பை நீ ஆரம்பிப்பதற்கு முன் நம் வாய்க்கால் என்ன லட்சணத்தில் இருந்தது என்று. கனாலில் தண்ணீர் விட்டால் முறை யாருக்கு எத்தனை மணிக்கு என்று டீக்கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். அதைக் காற்று கொண்டு போகும், இல்லை வேண்டாதவன் கிழிப்பான். வருடத்துக்கு ஒருமுறையாவது மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நிற்பார்கள். நீ கோயமுத்தூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்பத்திரண்டு வயல்காரர்களையும் ஒரு குரூப்பில் சேர்த்தாய். யாருக்கு எத்தனை ஏக்கர், எத்தனை மணி நேரம், எப்போது மடை திறக்க வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்று ஒரு ஷீட்டில் போட்டுக் கொடுத்தாய். நம் வயல்காரர்களின் சங்கமான பாடசேகரத்தின் செக்ரட்டரி அதைப் பார்த்துவிட்டு, "உங்க பையன் பெரிய காரியம் பண்ணிட்டானுங்க" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ நானே உட்கார்ந்து அந்த ஷீட்டைப் போட்டது போல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு நீ வீட்டுக்கும் ஒரு ஷீட் போட்டாய். அதில் மேலே அம்மா, அப்பா, நான் என்று மூன்று தலைப்பு. அப்பா என்பதற்குக் கீழே: பிரஷர் மாத்திரை. பால் சொசைட்டி. தேங்காய் போட ஆள் சொல்ல வேண்டும். கிருஷி பவன் விவசாய ஆபீசில் விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். தொட்டால் பச்சை டிக் விழும். நீ அங்கே ஆபீசில் உட்கார்ந்தபடியே நான் மாத்திரை போட்டேனா என்று பார்த்துக்கொள்வாய். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது, அப்புறம் ஒருமாதிரி பிடித்துப்போனது, பிறகு கசந்தது. ஒருநாள் உனக்குப் போன் செய்து மாடு கன்று போட்டதைச் சொல்ல வந்தேன். "அப்பா, மீட்டிங்ல இருக்கேனுங்க, ஷீட்ல போட்டுடுங்க, பாத்துக்கறே" என்று வைத்துவிட்டாய். கன்று பிறந்ததை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். இதைக் குத்திக்காட்டத்தான் சொல்கிறேன். இதற்குப் பின்னால் வரப்போகும் அசிங்கத்தில் பெரும்பங்கு என்னுடையது. உன் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

மாட்டுப்பொங்கல் அன்று காலையில் சித்தப்பா தண்ணீர் குரூப்பில் ஒரு போட்டோ போட்டான். நம் வயலின் மடை திறந்து கிடக்கிறது, தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. கீழே ஒரே வரி: "இது யாரோட மடை, இப்ப யாரோட முறை?" எல்லோருக்கும் தெரியும் அது என் மடை என்று. முறை என்னுடையது இல்லை என்பது எனக்கும் தெரியும். நம் வயல் மேலே, அவன் வயல் வாய்க்காலின் கடைசி. நான் அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டால் அவனுக்கு அரைமணி நேரம் குறையும். நான் அன்றைக்கு மட்டும் அல்ல, அந்தப் போகம் முழுக்கவே அப்படிக் கொஞ்சம் கொஞ்சம் திருடிக்கொண்டிருந்தேன். ஷீட் போட்டவனின் அப்பன் என்ற திமிர். என் தம்பி என்னிடம் நேரில் வந்து கேட்டிருந்தால் நான் ஒரு அதட்டுப் போட்டிருப்பேன், அவனும் போயிருப்பான். அதனால்தானோ என்னவோ போட்டோ எடுத்துப் போட்டான். யாரோ ஒருவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற முகத்தைப் போட்டார். இன்னொருவர் "ஷீட் போட்ட ஊட்லயேவா" என்று எழுதினார். மாட்டுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தவன் கையை அப்படியே துடைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் நீ சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் போன் சார்ஜில் கிடந்தது. அதைத் திறக்கும் கோலத்தை நீயே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய், அவசரத்துக்கு ஓடிபி பார்க்க. குரூப்புக்கு அட்மின் நீ. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் பெயரைத் தேடினேன். அழுத்திப் பிடித்தால் கேட்கும், எடுத்துவிடலாமா என்று. எடு என்றேன். அவ்வளவுதான், ஒரு சத்தம் இல்லை. அவன் முகத்துக்கு நேராக நின்று "வெளியே போ" என்று சொல்லச் சொல்லியிருந்தால் என் நாக்கு எழுந்திருக்காது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனை எப்படிச் சொல்வது? விரலுக்கு அந்தக் கூச்சமே இல்லை. நாற்பத்தோரு பேருடைய போனிலும் உன் பெயரைப் போட்டு, நீ அவனை எடுத்துவிட்டாய் என்று ஒரு வரி விழுந்தது. அப்படி விழும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சரி செய்தேனா என்றால் அதுவும் இல்லை.

சாயங்காலம் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பூவன் வாழைத்தார் கிடந்ததே, நினைவிருக்கிறதா? யார் வைத்துவிட்டுப் போனார்கள் என்று உன் அம்மா எல்லோரையும் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. பாதியை நீ கோயமுத்தூருக்கு எடுத்துப் போய் உன் ரூம்காரர்களுக்குக் கொடுத்தாய். அந்தத் தாரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊருக்குப் போன மறுநாள் நீ போன் செய்தாய். "ஏனுங்கப்பா, சித்தப்பாவ நான் குரூப்ல இருந்து எடுத்த மாதிரி காட்டுதுங்க. நான் ஒண்ணுமே பண்ணலீங்களே." உன் குரலில் நிஜமான குழப்பம் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் வெட்கமாக இருந்திருக்கும், முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன்? "தூக்கத்துல உன்ற கை பட்டிருக்கும் கண்ணு." நீ உடனே நம்பினாய். திரும்பச் சேர்த்துவிடவா என்று கேட்டாய். "இப்பச் சேத்தா அவனுக்கு இன்னும் கோவம் வரும், நான் நேர்ல பேசிட்டுச் சொல்றே" என்றேன். நீ சரி என்றாய். வீட்டு ஷீட்டில் பதினேழாவது வரியில், என் பெயருக்கு நேராக, "சித்தப்பாவிடம் பேச வேண்டும்" என்று போட்டாய். அவன் வீடு நம் வீட்டிலிருந்து இரண்டு வயல் தூரம். நான் போகவில்லை. ஒரு வாரம் கழித்து நீ நினைவூட்டினாய். மறுபடி நினைவூட்டினாய். தொல்லை தாங்காமல் ஒருநாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே ஈரக்கையோடு அந்தக் கட்டத்தைத் தொட்டேன். பச்சை டிக் விழுந்தது. நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். உன் கணக்கில் அண்ணன் தம்பி பேசி முடித்துவிட்டோம்.

அடுத்த வாரம் கனால் ஷட்டரில் ஏதோ பழுது. சனிக்கிழமை வரவேண்டிய முறை இரண்டு நாள் முன்னதாக வியாழக்கிழமைக்கே வந்தது. செக்ரட்டரி குரூப்பில் போட்டார். நாற்பத்தோரு பேருக்குப் போனது, ஒருவனுக்குப் போகவில்லை. அவன் பேசிவைத்த சனிக்கிழமையை நம்பி இருந்தான். அவன் பயிர் அப்போது கதிர் வெளியே வருகிற பருவம். அந்தச் சமயத்தில் ஒரு தண்ணீர் தவறினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வியாழன் பத்து மணிக்கு என் முறை முடிந்தது, அடுத்தது அவனுடையது. நான் மடையை அடைத்துவிட்டு ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவன் தென்னந்தோப்பில் நின்று கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டு தெரிந்தது. போட்டோ போடத் தெரிந்தவனுக்கு இதைத் தெரிந்துகொள்ள முடியாதா என்று மனதுக்குள் ஒரு வன்மம். மடையை அடைக்கவில்லை. அவன் மணி நேரமெல்லாம் என் வயலுக்குள் வந்தது. என் வயல் நிரம்பி, வரப்பு வழிந்து, யாருக்கும் உதவாமல் ஓடைக்குப் போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சனிக்கிழமை விடிந்ததும் அவன் மண்வெட்டியோடு வந்து காய்ந்த வாய்க்காலில் நின்றதையும் பார்த்தேன். அடுத்த தண்ணீர் வருவதற்குப் பதினெட்டு நாள் ஆனது. மாசியில் அவன் வயலில் முக்கால்வாசி சாவி, மணி பிடிக்காத வெறும் பதர். அறுக்க ஆள் வைக்காமல் மாட்டை விட்டு மேய்த்தான்.

ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? படித்த பையன், அப்பனுக்காகச் சித்தப்பன் வயிற்றில் அடித்துவிட்டான் என்று பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவேன். மகனைத் திட்டுகிறார்களே என்று வருத்தப்படுகிற தகப்பனாகக்கூட அவர்களுக்குத் தெரிந்திருப்பேன். அப்படி ஒரு நடிப்பு.

இப்போது உன் கல்யாணம். இதற்கும் ஒரு ஷீட். நானூறு பேர் பெயர், பக்கத்தில் பத்திரிகை லிங்க் அனுப்பியாச்சு, பார்த்தாச்சு, வருவார்கள், வரமாட்டார்கள் என்று கட்டங்கள். சித்தப்பாவின் பெயருக்கு நேராக "பார்த்தாச்சு" என்று மட்டும் இருந்தது. போன மாதம் நீயே பழமும் பத்திரிகையும் தட்டில் வைத்துக்கொண்டு போனாய். திரும்பி வந்து நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அவன் உன்னைக் கோபிக்கவே இல்லை. உட்கார வைத்து மோர் கொடுத்தான். தட்டை மட்டும் வாங்கவில்லை. "என்னெ எடுத்த கை வந்து கூப்படட்டும் சாமி, வர்றே" என்றான். "நாந்தானுங்களே சித்தப்பா வந்திருக்கேன்" என்று நீ சொன்னதற்கு, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினான். நீ அதை அவமானமாக எடுத்துக்கொண்டாய். நேரில் கேட்டது போதவில்லை என்று நினைத்துத்தான் செய்யாத தப்புக்கு எல்லோர் முன்னாலும் எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறாய்.

உன் பங்கு என்று சொன்னேனே, அதையும் கேட்டுக்கொள். உன் பெயரில் ஒரு காரியம் நடந்திருக்கிறது, நீ செய்யவில்லை என்று உனக்கே தெரிகிறது. அப்போது நீ செய்திருக்கவேண்டியது சித்தப்பாவுக்கு ஒரு போன். பத்து நிமிடம் பேசியிருந்தால் அந்த வியாழக்கிழமை அவன் வயலில் தண்ணீர் நின்றிருக்கும். சைக்கிள் பழக்கியவன் அவன், நீச்சல் பழக்கியவன் அவன். அவனோடு பேசுவதை ஒரு வேலையாக எழுதி என் பெயருக்கு நேராகப் போட்டாய். பச்சை விழுந்ததும் மறந்தாய். தண்ணீர் முறைக்கு ஷீட் போடு, தேங்காய்க்குப் போடு, நீயும் வரப்போகிற பெண்ணும் யார் எப்போது லீவு எடுப்பது என்பதற்கும் போட்டுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதை மட்டும் இன்னொருவர் பெயரில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்காதே. அவளும் உனக்கு ஒருநாள் வெறும் டிக் போடுவாள். என்னைப் போலவே, தொல்லை விட்டால் போதும் என்று போடுவாள். அன்றைக்கு ஷீட் சொல்வதை நம்பாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும்.

நேற்று உன் அம்மா போனை வாசித்து முடித்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். பிறகு வந்து நின்றாள். "ஏனுங்க, பெத்த பையன் பேர்ல பழியப் போட்டுட்டு ஏழு மாசமா எப்படிங்க சோறு தின்னீங்க? எங்கிட்டச் சொல்லி என்னாகப் போவுது? சொல்ற எடத்துல போய்ச் சொல்லுங்க."  

இன்று காலையில் போனேன். இரண்டு வயல் தூரம் நடக்க எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. சித்தப்பா வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். "வாங்ணா" என்றான், எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். போனை எடுத்தது, உன் மேல் போட்டது, பேசாமலே டிக் போட்டது, மடையை அடைக்காமல் நின்றது, எல்லாம். அவன் கை நிற்கவே இல்லை, உரித்துக்கொண்டே இருந்தான். முடித்ததும் சொன்னான்: "எனக்குத் தெரியுமுங்ணா."

"எப்படிறா?" என்றேன்.

"அன்னைக்குப் போட்டோ போட்டது தப்புன்னு தோணுச்சுங். நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங். பையன் ஊருக்குப் போறானேன்னு ஒரு தாரும் வெட்டியாந்தே. ஜன்னல்ல பாத்தனுங். அவன் தூங்கிட்டிருக்கான், நீங்க அவன் போன வெச்சுட்டு ஒக்காந்திருக்கறீங்க. என்ற பையில போன் அடிச்சுது. எடுத்துப் பாத்தா பையன் என்னெ எடுத்துட்டானாம். தார அங்கயே வெச்சுட்டு வந்துட்டே."

 படியில் உட்கார்ந்தேன். இவ்வளவு தெரிந்தும் ஏன் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களா வருவீங்கன்னு பாத்தனுங்" என்றான். "பயிர் காஞ்சப்ப வருவீங்கன்னு பாத்தே. மாட்ட உட்டு மேய்ச்சப்ப வருவீங்கன்னு பாத்தே. பையன் வந்து என்ற கால்ல உழுவாத கொறையா நின்னான், அப்பவும் நீங்க வரல."

கல்யாணத்துக்கு வருகிறேன் என்றான். கால் நடக் கை வைப்பானாம், உனக்காக. "உங்க ஊட்டுப் பந்தியில ஒக்கார மாட்டனுங், அதுக்கு எனக்கு இன்னும் மனசு வரல" என்றான். நான் கெஞ்சவில்லை. கெஞ்ச எனக்கு வாய் ஏது? ஒன்று மட்டும் கேட்டான். பையன் பேர் எந்த இடத்தில் கெட்டதோ அந்த இடத்திலேயே சொல்லவேண்டும் என்றான். அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் அம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துத் தண்ணீர் குரூப்பில் போடப்போகிறாள். நாற்பத்தோரு பேரும் படிக்கட்டும். சிரிக்கிற முகம் போடுகிறவர்கள் போடட்டும்.

கிளம்பும்போது, உன்னிடம் சொல்லி அவனைக் குரூப்பில் திரும்பச் சேர்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். உரித்த தேங்காயை ஓரமாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தான். "வேண்டாமுங்ணா. என்ற முறை எப்பன்னு இனி நீங்களே வந்து சொல்லுங்க. ரெண்டு வயல் தூரந்தானுங்களே."

ஷீட்டைத் திறந்து பதினேழாவது வரியில் நான் போட்ட பச்சையை எடுத்துவிட்டேன். நீ அதில் மறுபடி டிக் போட்டுவிடாதே, முடிந்த வேலை என்று வரியை அழித்தும் விடாதே. ஒவ்வொரு முறைக்கும் நான் நடந்து போய் அவன் வாசலில் நின்று சொல்லவேண்டும். அது என் பெயருக்கு நேராக அப்படியே கிடக்கட்டும்.

உன் அப்பா